இடுப்பா, தொடையா, முட்டியா: குளிர் கோட் எதுவரை இறங்க வேண்டும்?

சித்தி மகன் செப்டம்பரில் டொராண்டோவுக்குப் படிக்க வந்தான். அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மாலில் இருந்து வீடியோ காலில் கூப்பிட்டான். டிரையல் ரூம் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "அண்ணா, மூணு எடுத்து வெச்சிருக்கேன். ஒண்ணு இடுப்போட நிக்குது, ஒண்ணு பாதித் தொடை வரைக்கும் வருது, இன்னொண்ணு முட்டியத் தொடுது. மூணும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். எதை எடுக்கட்டும்?" என்றான்.

விலையில் வித்தியாசம் இருந்திருந்தால் மலிவானதை எடுத்துக்கொண்டு வந்திருப்பான், எனக்கு போனே வந்திருக்காது. எது அதிகக் குளிர் தாங்கும் என்று லேபிளைப் பார்த்து முடிவு செய்யவும் முடியாது. மைனஸ் 20, மைனஸ் 30 என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குக்கு ஒன்று போடும். நான் அவனிடம் குளிரைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் வெளியே சும்மா நிற்கிறாய், எத்தனை நிமிடம் நடக்கிறாய், எத்தனை நிமிடம் உட்கார்ந்து போகிறாய் என்று கேட்டேன்.

கப்பல்காரர்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள். மாலுமிகள் போட்ட பீ கோட் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். ஏணி ஏற வேண்டும், கயிறு இழுக்க வேண்டும், கால் தாராளமாக மடங்க வேண்டும். மெல்டன் என்கிற அதே கனத்த கம்பளித் துணியில், கப்பலின் மேல்தளத்தில் மணிக்கணக்காக நின்று கண்காணிக்கும் அதிகாரிகளுக்குத் தைத்தது பிரிட்ஜ் கோட். அது தொடையை மூடிக்கொண்டு இறங்கும். இருவருக்கும் ஒரே கடல், ஒரே காற்று. அமெரிக்க விமானப்படையின் பழைய பார்க்காக்களிலும் (ஹூட் வைத்த குளிர் கோட்) இதே ஜோடி உண்டு: என்-2பி இடுப்போடு நிற்கும், என்-3பி தொடை வரை வரும்.

தம்பியின் நாள் இப்படி. காலையில் இரண்டு பஸ் மாறிக் கல்லூரி. வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் ஒரு கிடங்கில் பார்ட் டைம் வேலை. அங்கிருந்து இரவு பஸ். எல்லாம் சேர்த்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்பது மட்டுமே 40 நிமிடம் வருகிறது. எனக்கு வீட்டு வாசலில் கார், ஆபீஸ் பேஸ்மென்ட்டில் பார்க்கிங். எங்கள் இருவருக்கும் உயரம் ஒன்று, 5 அடி 6 இன்ச். ஆனாலும் ஒரே கோட் இருவருக்கும் சரிப்படாது.

முதலில் இடுப்போடு நிற்கும் ரகம். (ஊரில் இதை ஜாக்கெட் என்றால் அர்த்தமே வேறு. வந்த புதிதில் அம்மாவிடம் "நல்ல ஜாக்கெட்டா ஒண்ணு வாங்கணும்" என்று போனில் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் நீண்ட மௌனத்தைக் கேட்டிருக்கிறேன்.) கார் ஓட்டுபவருக்கு இதைவிட வசதி கிடையாது. உட்கார்ந்தால் மடங்காது, சுருளாது, சீட் பெல்ட் இடுப்பு எலும்பின் மேல் ஒழுங்காக உட்காரும். வேகமாக நடப்பவருக்கும் போதும், நடக்கும்போது தொடை தானே சூடாகிவிடும்.

நின்றால்தான் கஷ்டம். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். மேலே மூன்று அடுக்கு போட்டிருப்போம். இடுப்புக்குக் கீழே ஜீன்ஸ் ஒன்றுதான். பனியில் நனைந்து விறைத்த ஜீன்ஸோடு பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால், கோட் பின்பக்கத்தையாவது முழுதாக மூட வேண்டும் என்று நான் ஏன் அடித்துச் சொல்கிறேன் என்பது புரியும். இடுப்பு ரகத்திலும் இரண்டு வகை உண்டு. எலாஸ்டிக் பட்டையோடு பெல்ட் மட்டத்தில் முடிவது ஒன்று, பின்பக்கத்தை மூடி நிற்பது இன்னொன்று. முன்னதை எடுத்தால் குனியும்போதெல்லாம் முதுகில் காற்று. கனடாவில் அதை அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

"குட்டைக் கோட்டே எடுத்துக்கிறேன், உள்ள தெர்மல் பேன்ட் போட்டுக்கிறேன்" என்று தம்பி சொன்னான். கணக்குக்குச் சரிதான், செலவும் குறைவு. ஆனால் பஸ்ஸுக்குள் ஹீட்டர், வகுப்பில் ஹீட்டர், கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. கோட்டை எங்கே வேண்டுமானாலும் கழற்றலாம், ஜிப்பைத் திறந்து விடலாம். உள்ளே போட்ட தெர்மல் பேன்ட்டை வகுப்பு நடுவில் கழற்ற முடியாது. வியர்த்து ஈரமான துணியோடு திரும்பக் குளிரில் போய் நிற்பது எல்லாவற்றையும்விட மோசம். தொடையை மூடும் வேலையைக் கோட்டிடம் விடுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். தெர்மல் பேன்ட், உண்மையிலேயே கொடுமையான பத்துப் பதினைந்து நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, அப்படியென்றால் இருப்பதிலேயே நீளமானதை எடுத்துவிடலாமே? அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன் ஆறு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அளவுகள் எழுதிய ஸ்பெக் ஷீட்டும் டேப்பும்தான் என் பிழைப்பு. அரை இன்ச் கூடினால் பையர் ஷிப்மென்ட்டை நிறுத்திவிடுவான் என்று இரவு முழுக்க அளந்தவன் நான். அப்படிப்பட்டவன் முதல் குளிர்காலத்தில் ஒரு கடையில் கிளியரன்ஸ் ரேக்கைப் பார்த்ததும் புத்தி மாறி, எல் சைஸில் முட்டிக்குக் கீழே இறங்கும், மென் இறகு அடைத்த டவுன் கோட் ஒன்றை வாங்கினேன். திருப்பிக் கொடுக்க முடியாத விலை. தீபாவளிக்குப் பையனுக்கு இரண்டு சைஸ் பெரிதாக எடுப்போமே, "வளர்ந்தாலும் போட்டுக்கலாம்" என்று, அந்த ரத்தம். எனக்கு அப்போது 34 வயது. இனி எங்கே வளர்வது?

அந்தக் கோட்டில் உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம். கீழ் ஓரம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். நடக்க நடக்கக் கீழிருந்து குளிர்காற்று ஏறி, உள்ளிருக்கும் சூட்டைக் கழுத்து வழியாக வெளியே தள்ளும், புகைபோக்கி போல. கோட் தானாகச் சூடு தருவதில்லை. உடம்பால் சூடான காற்றை அசையாமல் பிடித்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை. தொளதொளப்பாக இருந்தால் அந்தக் காற்று ஓடிவிடும். இறுக்கமாக இருந்தாலோ இறகு நசுங்கி, காற்று நிற்கவே இடம் இருக்காது. டவுன் கோட் லேபிளில் 550, 650, 800 என்று ஒரு எண் இருக்கும். ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன இன்ச் அளவுக்கு உப்பி நிற்கிறது என்பதன் கணக்கு அது. 800 வாங்கி, ஒரு சைஸ் சின்னதாகப் போட்டு நசுக்கினால், கொடுத்த காசு வீண்.

அது தவிர நீளத்தின் தொல்லைகள் தனி. காரில் ஏறும்போது ஓரம் கதவில் மாட்டும். வீடு போய்ச் சேர்ந்து பார்த்தால் அந்த ஓரம் முழுக்க ரோட்டு உப்பும் சேறும். படி ஏறும்போது முட்டி தட்டும். மடியில் சுருண்ட துணிக்கு மேல் சீட் பெல்ட் போட்டால், பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு தலையணை வைத்தது போலத் தளர்ந்து நிற்கும். குழந்தைகளைக் கார் சீட்டில் தடித்த கோட்டோடு கட்டக் கூடாது என்று இங்கே சொல்லிக்கொண்டே இருப்பதும் இதற்காகத்தான்.

முட்டி வரை வரும் கோட் யாருக்கு? வெளியிலேயே நிற்க வேண்டியவர்களுக்கு. செக்யூரிட்டி, பார்க்கிங்கில் வண்டிகளை வரிசைப்படுத்துபவர், தினமும் ஒரு மணி நேரம் நாயோடு நின்று நின்று நடப்பவர். காற்றையும் சேர்த்துத் தோலுக்குத் தெரியும் குளிர்க் கணக்கு மைனஸ் 28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம் என்பது கனடா அரசின் எச்சரிக்கை. அந்த மாதிரி நாட்களில் வேலை நேரமே வெளியில் என்றால் நீளத்தைப் பற்றி விவாதம் வேண்டாம். ஆனால் கீழிருந்தும் திறக்கும் இரட்டை ஜிப் இல்லாத முட்டிக் கோட்டை யாருக்கும் சொல்ல மாட்டேன். உட்காரும்போது கீழே ஒரு சாண் திறந்துவிட்டால்தான் முட்டி மடங்கும், ஜிப்பும் பிழைக்கும்.

தம்பிக்கு நான் சொன்னது நடுவில் இருப்பது, பாதித் தொடை வரை வருவது. நின்றால் தொடையில் பாதியாவது மூடியிருக்கிறது, பஸ்ஸில் உட்கார்ந்தால் மடியில் அடங்குகிறது, ஓடிப்போய் பஸ் பிடிக்கலாம். ஒரு கோட்தான் வாங்க முடியும் என்பவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு இதையே சொல்வேன்.

அடுத்தது அளவு. பாதித் தொடை என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதைக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், வெப்சைட்டும் சொல்லாது. படத்தில் நிற்கும் மாடல் பெரும்பாலும் 6 அடியைத் தாண்டியவர். 36 இன்ச் நீளக் கோட் அவருக்குப் பாதித் தொடையில் நிற்கும். 5 அடி 6 இன்ச் ஆளுக்கு முட்டியை நெருங்கிவிடும். வீட்டில் ஒருவரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். தலையைக் குனிந்தால் பிடரியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து முதுகோடு கீழே அளக்க வேண்டும். எங்கள் உயரத்துக்குப் பின்பக்கம் மூட 28 இன்ச், பாதித் தொடைக்கு 32 அல்லது 33, முட்டிக்குச் சற்று மேல் வரை 36. கடையின் அட்டவணையில் பின்கழுத்து நடுவிலிருந்து அளந்திருக்கிறார்களா, தோள் உச்சியில் இருந்தா என்றும் பார்க்க வேண்டும். தோள் உச்சிக் கணக்கில் அதே கோட் முக்கால் இன்ச், ஒரு இன்ச் கூடுதலாகக் காட்டும். இதே குழப்பத்தில் திருப்பூரில் ஒரு லாட்டே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மார்பளவிலும் இதே கதை. அட்டவணையில் 38 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் உங்கள் மார்பு, கோட்டின் மார்பு இல்லை. கோட்டைத் தரையில் விரித்து, அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே குறுக்கே அளந்து இரண்டால் பெருக்கினால் துணியின் அளவு வரும். உப்பிய கோட் என்றால் உடம்பு அளவைவிட 8, 9 இன்ச் கூடுதலாக இருக்கலாம், அது தப்பில்லை. இறகும் உள்ளே ஒரு ஸ்வெட்டரும் அந்த இடத்தைத் தின்றுவிடும். கம்பளிக் கோட்டுக்கு 5, 6 இன்ச் போதும்.

தம்பி எடுத்து வைத்திருந்தது எம். "நீளம் இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும், எல் எடுத்துடட்டுமா?" என்றான். இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். எம்மிலிருந்து எல்லுக்குப் போனால் நீளம் ஏறுவது ஒரு இன்ச், சில மாடலில் அதுகூட இல்லை. மார்பு இரண்டு மூன்று இன்ச் ஏறிவிடும், கையும் முக்கால் இன்ச் ஏறும், தோள் தொங்கும். கிரேடிங் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். சைஸ் ஏற ஏற ஆள் தடிக்கிறான் என்றுதான் பேட்டர்ன் நினைக்கும், உயர்கிறான் என்று நினைக்காது. நீளம் போதவில்லை என்றால் மாடலை மாற்ற வேண்டும். சைஸ் தோளுக்கு. சில பிராண்டில் ஷார்ட், டால் என்று தனியாக உண்டு. கிடைத்தால் அதுதான் சரியான வழி. 38எஸ் என்று எழுதியிருந்தால் அந்த எஸ் ஸ்மால் இல்லை, ஷார்ட். உயரம் 5 அடி 7க்குள் இருப்பவர்கள் அதைத் தைரியமாகப் போட்டுப் பார்க்கலாம்.

நம்மில் ஒல்லியாக, உயரம் குறைவாக இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, வெட்கப்பட வேண்டாம்: பையன்கள் பிரிவில் எக்ஸ்எல். மார்பு 35, 36 வரை அடங்கும், கை நீளம் சரியாக இருக்கும். விலையும் குறைவு. ஒண்டாரியோவில் குழந்தைகள் உடைக்கு 13 சதவீத வரியில் மாநிலத்தின் 8 சதவீதம் கிடையாது, 5 மட்டும்தான். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் மூன்று வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறார். லேபிளை மட்டும் வெட்டிவிட்டார். ஆனால் நீளம் பின்பக்கத்தோடு நின்றுவிடுகிறது என்பதால் தம்பிக்கு ஒத்துவரவில்லை, மார்பும் 37.

கம்பளி ஓவர்கோட்டைப் பற்றியும் கேட்டான், இன்டர்வியூவுக்கு. அதன் நீளத்துக்கு ஒரே விதிதான்: உள்ளே போடும் சூட் கோட்டின் ஓரம் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. பீ கோட் போட்டு, கீழே சூட் இரண்டு இன்ச் தொங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. முட்டிக்குச் சற்று மேலே முடிந்தால் குட்டையானவருக்கும் அழகு. சூட் சைஸ் 38 என்றால் ஓவர்கோட்டும் 38தான், உள்ளே சூட் வரும் என்று கணக்குப் பண்ணியே வெட்டியிருப்பார்கள்; 40 எடுத்தால் தோள் இறங்கிவிடும். மைனஸ் 5 வரை நன்றாகத் தாங்கும், அப்புறம் திணறும். தலைக்கு ஹூட் கிடையாது. மார்கழிக்கு நம் தாத்தாக்கள் கட்டுகிற மஃப்ளர் இல்லாமல் கழுத்துக் கதை நடக்காது. ஆனால் கம்பளியில் ஒரு பெரிய லாபம் உண்டு: தையல்காரரிடம் கொடுக்கலாம். கை நீளத்தைக் குறைக்கலாம், ஓரத்தை இரண்டு இன்ச் வரை ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் பாக்கெட் ஓரத்துக்குப் பக்கத்தில் வந்து கோணலாகத் தெரியும். டவுன் கோட்டை வெட்டினால் அறை அறையாகத் தைத்து அடைத்திருக்கும் இறகு கொட்டும், ஜிப்பையும் மாற்ற வேண்டும். தோளை மட்டும் எந்தக் கோட்டிலும் தொடச் சொல்லாதீர்கள், புதுக்கோட் விலையில் பாதி போய்விடும். முதல் வருட மாணவனுக்கு இரண்டு கோட் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். இன்டர்வியூ வந்தால் என்னுடையது இருக்கிறது.

எம் சைஸைப் போட்டுக்கொண்டு அவனை டிரையல் ரூமிலேயே ஆட்டிவைத்தேன். உள்ளே ஹூடி போட்டுக்கொள், டீ-ஷர்ட்டோடு பார்க்காதே. ஜிப்பை முழுக்க மேலே ஏற்று. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்கு. மணிக்கட்டு வெளியே வருகிறதா? இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொள், முதுகு இழுக்கிறதா? குனிந்து ஷூ லேஸைத் தொடு. ஸ்டூலில் உட்கார். காலேஜ் பேகை மாட்டு. இந்தக் கடைசி ஒன்றை யாரும் செய்வதில்லை. பேக் மாட்டினால் கோட் மேலே ஏறிக்கொள்ளும், 33 இன்ச் 31 ஆகிவிடும். முதுகிலும் தோளிலும் இறகு நசுங்குவது வேறு. அவன் பேக்கோடு நின்றபோது ஓரம் இன்னும் தொடையில்தான் இருந்தது. கை, தொங்கவிட்டால் கட்டைவிரல் அடியைத் தொட்டது. இடுப்பில் உள்ளே இழுத்துக் கட்டும் நாடா இருந்தது. ஜிப் கீழிருந்தும் திறந்தது.

"குட்டையாத் தெரியறேனா அண்ணா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டான். கொஞ்சம் தெரிந்தான்தான். பிப்ரவரியில் பஸ் ஸ்டாப்பில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் மூக்கு மட்டும்தான் வெளியே இருக்கும் என்று சொன்னேன்.

அன்றே டேக்கை வெட்ட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு இரு என்று சொல்லியிருந்தேன். நவம்பர் கடைசி பிளாக் ஃபிரைடே வரை பொறுத்தால் விலை இறங்கும், ஜனவரியில் இன்னும் இறங்கும். ஆனால் அதற்குள் எம் சைஸ் தீர்ந்துபோய், ரேக்கில் எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும்தான் தொங்கும். நான் அந்த எல் சைஸ் கோட்டை வாங்கியது அப்படி ஒரு ஜனவரியில்தான். பில்லில் திருப்பித் தரும் தேதி எழுதியிருந்தது, படம் எடுத்து வைத்துக்கொண்டான். திங்கள்கிழமை மெசேஜ் அனுப்பினான், "டேக்கைக் கட் பண்ணிட்டேன்".

பொங்கலுக்குக் கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகப் போகிறானாம். ஜனவரி நடுவில், இங்கே குளிர் உச்சத்தில் இருக்கும்போது. புதுக் கோட்டுக்குக் கீழே வேட்டி காற்றில் பறக்குமே என்று யோசித்திருக்கிறான். அலமாரியில் தொங்கும் என் பழைய எல் சைஸ் கோட்டை அன்று ஒரு நாளைக்குக் கேட்டிருக்கிறான்.